பித்தளை நேவியும் துத்தநாக நேவியும்: 1851 கோல்ட் ரிவால்வரின் இரண்டு நகல்கள்

சென்ற மாதம் வீட்டுக்கு வந்து சேர்ந்த ரிவால்வரை முதலில் சோதித்தவர் முருகப் பெருமான்தான். பத்துமலைக்குப் போய்வந்த மைத்துனி கொடுத்த சிறிய முருகன் காந்தம் ஒன்று எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துக் குழலின் மீது வைத்தேன். வழுக்கி மேசையில் விழுந்தது. உருளையில் வைத்தேன், அங்கும் நிற்கவில்லை. நான்கு திருகாணிகளின் தலையில் மட்டும் பிடித்தது. விற்றவர் தம் விளம்பரத்தில் ‘முழுவதும் எஃகு’ என்று எழுதியிருந்தார். என் கையில் இருந்ததோ, திருகாணிகள் நீங்கலாக, முழுவதும் துத்தநாகக் கலவை.

இருந்தும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதையும், அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விலை கொண்ட, உண்மையாகவே சுடக்கூடிய இத்தாலிய நகல் ஒன்றை நண்பர் வீட்டில் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் மனம் ஏன் இந்த மலிவான பொருளின் பக்கமே சாய்ந்தது என்பதையும் எழுதி வைக்க விரும்புகிறேன். இரண்டையும் செய்தவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்படிப்பட்ட நகல்களைப் பலரும் செய்கிறார்கள், நான் சொல்லும் குணமும் குற்றமும் பெரும்பாலும் வகையைச் சேர்ந்தவை.

என் கண் எப்படிப்பட்டது என்பதை வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மொபெனி பகுதித் தொழிற்சாலைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஃபிட்டராகவும் டர்னராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுடுவதில் எனக்கு நாட்டமில்லை; காதைக் கெடுத்துக்கொள்ள லேத்துப் பட்டறையே போதுமானதாக இருந்தது. பழைய இயந்திரங்களின் மேல் உள்ள ஆசைதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது. பாட்டியின் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன், ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற அதே 1851ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய ஒரு ரிவால்வரையும் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை. அசலை வாங்கும் வசதி எனக்கு இல்லை. எனவே சாட்ஸ்வொர்த் வீட்டின் கண்ணாடி அலமாரியில் இப்போது ஏழு நகல்கள் இருக்கின்றன; அவற்றுள் ஒன்றுகூடச் சுடாது.

நகலை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு: அசலுக்கு அது எவ்வளவு அடங்கி நடக்கிறது என்பது. பளபளப்பும் விலையும் சுடும் திறனும் அதற்குப் பிறகுதான். ஆகவே அசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சாமுவேல் கோல்ட் தம் சுழலும் உருளைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836இல். முதல் முயற்சி நொடித்துப்போய், பிறகு எழுந்து, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் பெரிய தொழிற்சாலை கட்டினார். ‘நேவி’ என்று நாம் இன்று அழைக்கும் ரிவால்வர் அங்கே 1850 முதல் 1873 வரை ஏறத்தாழ 2,15,000 எண்ணிக்கையில் செய்யப்பட்டது; லண்டனின் பிம்லிகோ பகுதியில் அவர் சில ஆண்டுகள் நடத்திய தொழிற்சாலையில் மேலும் 42,000 அளவில் செய்யப்பட்டது. கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையும் தரைப்படையும் அவற்றை வாங்கின. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் குடும்பத்தினருமாக 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்து நின்றபோதும் ஹார்ட்ஃபோர்டில் இந்த ரிவால்வரின் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருந்தது. நம் முன்னோர் கரும்புக் காட்டில் இறங்கிய காலத்தின் பொருள் இது என்ற எண்ணம், காரணமில்லாமலே, என்னை இதனோடு கட்டிப்போடுகிறது.

அசலின் இலக்கணம் எளிது. 36 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர். ஆறு அறைகள். ஏழரை அங்குல நீளமுள்ள எண்கோணக் குழல். இரும்பாலான உடல், அதன் மேல் வெப்பப் பதப்படுத்தலால் வந்த மயிற்கழுத்து வண்ணம். குழலுக்கும் உருளைக்கும் கருநீலம். விசைக் காப்பும் பிடியின் முதுகுப்பட்டையும் வெள்ளி முலாம் பூசிய பித்தளை; லண்டனில் செய்தவற்றில் இரும்பு. பிடி ஒரே துண்டு வால்நட் மரம். உருளைக்கு மேலே பாலம் போன்ற பட்டை எதுவும் கிடையாது. உடலிலிருந்து நீளும் அச்சுத் தண்டின் மேல் குழலைச் செருகி, குறுக்கே ஒரு சிறிய ஆப்பை அடித்து நிறுத்திவிடுவார்கள். முழு ரிவால்வரும் அந்த ஆப்பை நம்பித்தான் நிற்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டி எடுத்தால் குழல், உருளை, உடல் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்தவர்கள் மரச் சுத்தியல் கொண்டு மெதுவாகத் தட்டுவார்கள். தெரியாதவர்கள் இரும்புச் சுத்தியலால் அடித்து ஆப்பின் தலையைக் காளானாக்கி வைப்பார்கள்.

நேவி என்ற பெயர் வந்தது உருளையைச் சுற்றியுள்ள சித்திரத்தால். டெக்சஸ் கடற்படைக்கும் மெக்சிகோ கடற்படைக்கும் 1843 மே 16 அன்று கம்பேச்சே அருகில் நடந்த கடற்போரை, வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்ற செதுக்கல் கலைஞர் எஃகு உருளைப் பாளத்தில் செதுக்கித் தர, அதை அழுத்தி உருட்டி ஒவ்வொரு ரிவால்வரிலும் பதித்தார்கள். பாய்மரம், புகை, அலை என்று விரல் அகலத்துக்குள் ஒரு கடலே இருக்கும்.

இப்போது என் துத்தநாக நகலுக்கு வருகிறேன். இதன் உலோகத்துக்கு ஜமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். கதவுக் கைப்பிடியும் பொம்மைக் காரும் செய்யும் அதே உலோகம். அச்சில் அழுத்தி வார்ப்பதற்கு இதைவிட இணக்கமான உலோகம் குறைவு, நுணுக்கமான வளைவும் எளிதாக வந்துவிடும். ஆனால் மென்மையானது, இதில் வெட்டிய திருகு மரையை ஓர் அவசரக்காரர் இரண்டே திருப்பில் அறுத்துவிடலாம்.

சமையலறைத் தராசில் வைத்தபோது 1,110 கிராம் காட்டியது. அசலின் எடை ஏறத்தாழ 1,200 கிராம். எஃகைவிட இந்தக் கலவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு இலேசானது என்பதால் இன்னும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். காரணம் பிறகு விளங்கியது: அறைகளை முழு ஆழத்துக்குத் துளைக்கவில்லை, குழலின் துளையும் வாயிலிருந்து இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. துளைக்காமல் விட்ட உலோகம் எடைக் குறையை ஈடு செய்துவிட்டது. கையில் எடுப்பவருக்கு இது நன்மையாகவே முடிகிறது. முன்பக்கம் சற்றே தாழ்ந்து, பிடி உள்ளங்கையில் தானாக வந்து உட்காரும் அந்த நேவி சமநிலை, அதன் காலத்திலேயே பலர் பாராட்டியது, இந்தப் பொய் உலோகத்திலும் கிடைக்கிறது.

வடிவத்தில் இதன் அடக்கம் பாராட்டத்தக்கது. குழலின் எட்டு முகங்களும் நேராக இருக்கின்றன, விளிம்புகள் மட்டும் அசலில் இருக்க வேண்டிய கூர்மையை இழந்து கொஞ்சம் மழுங்கியிருக்கின்றன. வெர்னியரில் குழல் நீளம் 188 மில்லிமீட்டர். ஏழரை அங்குலத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் குறைவு, வார்ப்பு குளிரும்போது சுருங்கியதன் கணக்காக இருக்கலாம். உருளை ஒரே விட்டத்தில் நேராக இருக்கிறது, வாயின் அளவு 36 காலிபருக்குப் பொருந்துகிறது. உடல் சாம்பல் நிறம், விசைக் காப்பு பித்தளை நிறம். அந்தப் பித்தளை வெறும் முலாம்தான், ஆனால் பித்தளை இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை நிறம் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த ரிவால்வருக்கு வரும்போது தெரியும்.

சுத்தியலை இழுத்தால் பாதி வழியில் ஒரு நிற்பும் முழு வழியில் ஒரு நிற்பும் உண்டு. உருளை ஒவ்வொரு முறையும் ஓர் அறை நகர்ந்து பூட்டிக்கொள்கிறது. நகலின் உயிர் இதில்தான். சுத்தியலோடு இணைந்த ஒரு சிறிய நெம்பு உருளையின் பின்புறப் பற்களில் ஒன்றைத் தூக்கிவிட, கீழிருந்து ஒரு பூட்டு உயர்ந்து உருளையின் பள்ளத்தில் விழ, ஓர் அசைவில் இரண்டு வேலையும் காலம் தவறாமல் நடக்கின்றன. கோல்ட் செய்த சாதனை இந்தக் கால ஒழுங்குதான். என் பேரன் இதைப் பத்து முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, சுத்தியலை இறக்கி வெச்சா குறி பார்க்கவே முடியலையே, பின்னாடி ஒண்ணுமே இல்லையே?” என்று கேட்டான். கெட்டிக்காரக் கேள்வி. நேவியில் பின் குறி என்பது சுத்தியலின் நெற்றியில் வெட்டிய சிறு பள்ளம்தான். சுத்தியலை முழுவதும் இழுத்தால்தான் அது கண்ணுக்கு நேரே எழும்பும். நகலிலும் அந்தப் பள்ளம் இருக்கிறது. எஃகு என்று பொய் சொன்ன விற்பனையாளரை அந்த ஒரு பள்ளத்துக்காக மன்னித்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

குறைகள் இல்லாமல் இல்லை. உருளையின் கடற்போர் களிமண்ணில் அழுத்திய தடம் போல் மங்கிக் கிடக்கிறது. எது பாய்மரம் எது புகை என்று பிரிக்க முடியவில்லை. அறைகளின் பின்னால் கேப்பு மாட்டும் முலைகள் ஆறும் உருளையோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. கேப்பு என்றால் வேறொன்றுமில்லை, தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியில் வைத்து நாம் அடித்த பொட்டு வெடியின் தாத்தா; செம்புக் குல்லாயில் அடைத்த வெடிப்பொருளைச் சுத்தியல் அடிக்க, தீப்பொறி முலையின் துளை வழியே அறைக்குள் பாயும். இங்கே துளை இல்லை, இருக்கவும் கூடாது. அதைக் குறையாக எண்ணவில்லை. பிடியை ஒரே துண்டாகச் செய்யாமல் இரண்டு துண்டாக்கிக் குறுக்கே திருகாணி போட்டது மட்டும் உறுத்துகிறது. அதைவிட வலித்தது ஆப்பு. ஆப்பு என்று கண்ணுக்குத் தெரிவது குழலோடு வார்த்த ஒரு மேடு மட்டுமே, தட்டினாலும் அசையாது. கழற்றிப் பூட்டுவதையே இன்பமாகக் கொண்டவனுக்குக் கழற்ற முடியாத ரிவால்வர், உடைக்க முடியாத தேங்காய் போலத்தான்.

குழலின் அடியில், குண்டை அறைக்குள் அழுத்திக் கெட்டிக்கும் கோலின் நுனிப் பூட்டும் தளர்ந்திருந்தது; குழலைக் கீழே சாய்த்தால் கோல் தொங்கிவிடும். பித்தளைத் தகட்டிலிருந்து நகக்கண் அளவு வெட்டி அடியில் வைத்தேன், அரை மணி நேர வேலை. வாங்கியவர் எல்லோரும் ஃபிட்டராக இருக்க மாட்டார்கள் என்பதால் இதையும் குறைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி நண்பரின் பித்தளை நேவி. அவர் டொங்காட்டில் இருக்கிறார், சட்டப்படி வேண்டிய தாள்களை எல்லாம் முறையாக முடித்து, சுவரில் பதித்த இரும்புப் பெட்டகத்தில் தம் ரிவால்வர்களைப் பூட்டி வைத்திருப்பவர். அவர் முன்னிலையில் இரண்டையும் ஒரே துணியின் மீது வைத்துப் பார்த்தோம். முதல் பார்வையில் அவருடையதன் முன்னால் என்னுடையது ஏழை உறவினர் போல நின்றது. எஃகுக் குழலின் நீலம் ஆழமானது, எண்கோண விளிம்புகளைத் தொட்டால் விரல் எச்சரிக்கையாகிறது, பிடி ஒரே துண்டு வால்நட். ஆப்பைத் தட்டினால் ஒழுங்காகக் கழல்கிறது. உடல் முழுவதும் பொன் போல மின்னும் பித்தளை.

சிக்கல் அந்தப் பித்தளையில்தான் தொடங்குகிறது. கோல்ட் நேவிக்குப் பித்தளை உடல் செய்யவில்லை. பித்தளை உடல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக்கும் எஃகுக்கும் தட்டுப்பாடு கண்ட தென் மாநிலங்கள் கோல்டைப் பார்த்துச் செய்துகொண்ட நகல்களுக்கு உரியது. ஜார்ஜியா மாநிலத்தில் கிரிஸ்வோல்டு–கன்னிசன் பட்டறை 1862 முதல் 1864 வரை அப்படி ஏறத்தாழ 3,700 செய்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். தோட்டக் கூலிகளின் வழிவந்த எனக்கு, அந்தப் பளபளப்பை ஏந்தும்போதெல்லாம் அதை முதலில் அராவிய கைகள் யாருடையவை என்ற எண்ணம் வராமல் போவதில்லை. ஆனால் அந்தத் தென் நகல்களிலும் அளவு 36 காலிபர்தான். நண்பருடைய குழலில் ‘44 காலிபர்’ என்று பொறித்திருக்கிறது.

அந்த எண் எப்படி வந்தது என்று உருளையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பின்பாதி ஒல்லியாகவும் முன்பாதி பருத்தும், நடுவில் ஒரு படி இறங்கியும் இருக்கிறது. நேவியின் உடலளவை மாற்றாமல் அதற்குள் 44 காலிபரைத் திணிப்பதற்காக, உருளையின் முன்பாதியை மட்டும் பெருக்கி உடலில் அதற்கொரு பள்ளம் வெட்டிய தந்திரம் அது. கோல்ட் நிறுவனமே 1860ஆம் ஆண்டு ‘ஆர்மி’ ரிவால்வருக்குச் செய்தது. ஆனால் ஆர்மியின் குழல் உருண்டையானது, எண்கோணமல்ல. ஆக நண்பரின் கையில் இருப்பது 1851இன் குழல், 1860இன் உருளை, ஜார்ஜியாவின் உடல், இவை மூன்றின் மேலும் ‘1851 நேவி’ என்ற பெயர். ராமன் தலையும் ராவணன் உடம்பும் வைத்துத் தைத்த பொம்மலாட்டப் பாவை. இப்படி ஒரு ரிவால்வர் எந்தப் போரிலும் எந்தக் கப்பலிலும் இருந்ததில்லை.

சந்தைக்கு அது ஏன் வந்தது என்பதில் மர்மமில்லை. பெரிய எண்ணை விரும்பும் வாடிக்கையாளர் உண்டு, பித்தளை உடல் எஃகைவிடச் செய்வதற்கு மலிவு, பார்வைக்கும் பகட்டு. அதன் விலையைப் பகட்டே பின்னால் வசூலிக்கிறது. நண்பர் உருளையை எடுத்துவிட்டு உடலின் பின் சுவரை விளக்குக்கு நேரே சாய்த்துக் காட்டினார்: உருளையின் பற்கள் பித்தளையில் வட்டமாகத் தடம் பதித்திருந்தன, மோதிரத்தால் வெண்ணெயில் அழுத்தியது போல. சுடும்போதெல்லாம் உருளை பின்னே மோதியதன் வடு அது. அச்சுத் தண்டும் வேரில் இலேசாக ஆடியது. எஃகு உடல் தாங்கிக்கொள்ளும் அடியைப் பித்தளை இப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது.

“அழகா இருக்குன்னுதான் வாங்கினேன், அண்ணே,” என்றார் அவர். அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

பிறகு பெட்டகத்தின் அடித்தட்டிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய மற்றொன்றை எடுத்தார். அதுவும் இத்தாலிய நேவிதான். ஆனால் எஃகு உடல், 36 காலிபர், நேரான உருளை. குழலின் அடியில், கோல் மறைக்கும் இடத்தில், சிறு கட்டத்துக்குள் ‘ஏ.டி.’ என்ற இரண்டு எழுத்து. இத்தாலியில் பிரேசியாவை அடுத்த கார்தோனே வால் திரோம்பியா ஊர்ச் சோதனைக் கூடம் ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஆண்டைக் குறிக்க இடும் முத்திரை அது: 1975க்கு ‘ஏ.ஏ.’, பிறகு ஆண்டுக்கு ஓர் எழுத்தாக நகர்ந்து, ‘ஏ.டி.’ என்றால் 1978. பக்கத்தில் நட்சத்திரத்தின் கீழ் ‘பி.என்.’, கருமருந்துக்கு மட்டும் சோதித்தது என்று பொருள். 1950களின் இறுதியில், உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்க வணிகர் வால் ஃபோர்ஜெட் இந்த வால் திரோம்பியாப் பள்ளத்தாக்கின் பட்டறைகளைத் தேடி வந்து நேவியைச் செய்யச் சொன்னதில்தான் இந்த நகல் தொழிலே பிறந்தது. 1959இல் தொடங்கிய உபெர்த்தியும் பிறகு பியெத்தாவும் அதில் வளர்ந்த பெயர்கள். கோல்ட் நிறுவனமே 1971இல் தன் பழைய நேவியை மீண்டும் வெளியிட்டபோது இத்தாலியப் பாகங்களின் துணையை நாடியது என்றால், அசல் எது நகல் எது என்று கேட்பவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த முத்திரைகளை நகல் சேர்ப்பவர்கள் மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில், துருவேறி, நீலம் முழுவதும் போய், பிடி கறுத்த ஒரு நேவியை எனக்குக் காட்டினார்கள். “தம்பி, போயர் போர்லே ஒரு கேப்டன் இடுப்புலே இருந்தது இது,” என்றார் கடைக்காரப் பெரியவர். கேப்டன் பெயரும் இல்லை, தாளும் இல்லை. அனுமதி கேட்டுக் கோலை இறக்கி, பையிலிருந்த பூதக்கண்ணாடியால் குழலின் அடியைப் பார்த்தேன். அங்கே மட்டும் முகம் சமமாக இல்லை, அரத்தால் அராவிய மெல்லிய பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் தப்பியிருந்தன. துருவும் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. காலம் தின்ற துரு விளிம்பில் அதிகமாகவும் மறைவில் குறைவாகவும் இருக்கும். அமிலம் தின்ற துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். “ஐயா, இந்தக் கேப்டன் இத்தாலிக்குப் போய் வந்திருக்கிறார் போலிருக்கிறதே,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பெரியவர் அறிந்து செய்தாரா, அவரையும் யாரோ ஏமாற்றினார்களா என்பது வேறு விஷயம். ஒரு நல்ல நகலின் முத்திரையை அராவிப் போலி அசலாக்கியவர், இரண்டையும் ஒருசேரக் கெடுத்துவிட்டார்.

என் துத்தநாக நேவியை இந்த வழியில் யாரும் கெடுக்க முடியாது. பிரிட்ஜ் காந்தம் ஒன்றே போதும், உண்மை வெளியே வந்துவிடும். விற்றவர் பொய் சொன்னார், பொருள் சொல்லவில்லை.

வாங்க நினைப்பவருக்குத் தென்னாப்பிரிக்காவில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், துப்பாக்கி என்று ஒருவர் நம்பும்படியான எந்தப் பொருளையும் தக்க காரணமின்றி மற்றொருவரை நோக்கி நீட்டுவதைக் குற்றமாக்குகிறது. அது சுடுமா, வார்ப்பு பொம்மையா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அதிலும் நம் ஊர்த் தெருக்களின் நிலை அறிந்தவர் யாரும் இதை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போக மாட்டார். கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ எடுத்துச் செல்வதானால் பெட்டியில் வைத்து மூடி, காரின் பின்பெட்டியில் வையுங்கள். பித்தளை நேவியைப் போலச் சுடக்கூடிய நகலை வாங்குவதானால், பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் காவல் நிலையத்தின் துப்பாக்கிப் பிரிவு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். விற்பவரின் வாய்ச்சொல் வழக்கில் சாட்சி சொல்ல வராது.

டர்பனின் கடற்காற்று எஃகுக்குப் பகை. நண்பர் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறார். தோல் உறையில் போட்டு வைப்பது அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உறையைத் தனியாக மாட்டி வையுங்கள். துத்தநாகக் கலவை செந்துரு பிடிக்காது, முலாம் உரிந்த இடத்தில் சாம்பல் பூத்தது போல வெண்மை மட்டும் ஏறும். உலர்ந்த துணி போதும், பித்தளை மெருகுப் பசை மட்டும் கூடவே கூடாது, ஒரே தேய்ப்பில் முலாம் போய்விடும்.

விலை: துத்தநாக நேவிக்கு அனுப்பும் செலவு உட்பட 2,300 ரேண்ட் கொடுத்தேன். எஃகு என்று நம்பியவருக்கு அது கொள்ளை மலிவு போலத் தெரியும், துத்தநாகம் என்று தெரிந்து வாங்குபவருக்குச் சற்றே அதிகம். விற்பனையாளருக்கு எழுதினேன்; விளம்பரத்தில் ‘எஃகு’ என்ற சொல்லை ‘உலோகம்’ என்று மாற்றியிருக்கிறார், எனக்குப் பதில் எழுதவில்லை. அலமாரியில் வைத்துப் பார்க்கவும், 1851இன் வடிவத்தையும் இயக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 44 காலிபர் பித்தளை நேவியை, நேவி என்ற பெயரை நம்பி வாங்குபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சுடுகளத்தில் பொழுதுபோக்க விரும்புபவர் அதன் பித்தளை எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும். கழற்றிப் பூட்டும் ஆசையும், தாள்களை முடிக்கும் பொறுமையும், பணமும் மூன்றும் உள்ளவர் எஃகு உடலும் 36 காலிபரும் கொண்ட ஒன்றைத் தேடட்டும்.

நண்பரின் 1978 நேவியை நான் இரண்டு முறை விலைக்குக் கேட்டுவிட்டேன். “மூணாவது தடவை கேட்காதீங்க, அண்ணே,” என்று சொல்லிப் பெட்டகத்தைப் பூட்டிவிட்டார்.